தற்குறி முதல் நாமினி வரை: பாலாற்றங்கரையில் பிறருக்காகக் கையெழுத்திட்ட வரலாறு

வாலாஜாபேட்டைப் பக்கம் வீட்டையோ நிலத்தையோ இன்னொருவர் பொறுப்பில் விட்டால் அதற்குப் பெயர் ‘பவர்’. பவர் எழுதிக் கொடுப்பது, பவர் வாங்குவது, பவரை ரத்து செய்வது எல்லாம் தேநீர்க் கடைப் பேச்சிலேயே அடிபடும். நோயாளியின் காப்பீட்டு அட்டை, மருத்துவக் குறிப்பு, ஆதார் எண் ஆகியவற்றை அதேபோல இன்னொருவர் கையில் ஒப்படைப்பதற்கு மட்டும் ஊரில் தனிப்பெயர் கிடையாது. மருத்துவமனையில் ‘பேஷண்ட் கூட வந்தவங்க யாரு?’ என்று குரல் வரும்போது எழுந்து போகிறவர் எவரோ, அவரே அதிகாரம் பெற்றவர். சொத்துக்கான அதிகாரம் நவாப் காலத்திலிருந்தே தாளில் எழுதப்பட்டு வந்திருக்கிறது. உடலுக்கான அதிகாரம் தாளுக்கு வரத் தொடங்கியது சுதந்திரத்துக்குப் பிறகுதான்; அதுவும் ஒரு சட்டத்தில் ஒரு துண்டு, இன்னொரு திட்டத்தில் இன்னொரு துண்டு என்று வந்தது.

பிறருக்காகக் கையெழுத்திடும் வழக்கம் தாளுக்கும் முந்தியது. இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் நில விற்பனை, கொடை ஆவணங்களின் முடிவில் கையெழுத்துகள் வரிசையாக வரும். எழுதத் தெரியாதவர் தம் அடையாளமாக ஒரு குறி கீறுவார். தன் குறி என்பதால் அது தற்குறி. அந்தக் குறி இன்னாருடையதுதான் என்று எழுத்தறிந்த ஒருவர் அதனருகே தம் பெயரிட்டு உறுதி சொல்வார். இதைக் கல்வெட்டு மொழி தற்குறி மாட்டெறிதல் என்கிறது. பிற்காலத்தில் தற்குறி என்றால் எழுத்தறிவில்லாத மூடன் என்று வசையாகிவிட்டது. கல்வெட்டில் அது வசையில்லை, செல்லுபடியாகும் ஒரு கையெழுத்து முறை. முடிவு குறி கீறியவருடையது. எழுத்து மட்டுமே மற்றவருடையது. இந்தப் பிரிவினை நினைவில் வைத்துக்கொள்ளத்தக்கது. பின்னாளில் மருத்துவமனை மேசைகளில் மங்கிப்போனது இதுதான்.

வாலாஜாபேட்டை, ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயர் தாங்கிய ஊர். காஞ்சிபுரத்துக்கு அப்பால் பாலாற்றோரம் உள்ள வாலாஜாபாத்தும் அவர் பெயர்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு பேருந்து மாறி ஏறுவோர் இன்றும் உண்டு. 1749 முதல் 1795 வரை நவாபாக இருந்த அவருடைய காலத்தில், மேற்கே மலைக்கு மேலிருந்து இறங்கும் சரக்குக்கும் சென்னைக் கடற்கரைக்கும் நடுவில் இவ்வூர் வணிகத்தில் தழைத்தது. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம் வாலாஜா ரோடு. 1866ல் நகராட்சியும் வந்தது.

நவாபின் எழுத்து வேலைகள் பாரசீகத்தில் நடந்தன. வக்கீல், வக்காலத்து, முக்தியார், ஜாமீன், வாரிசு என்று இன்று நீதிமன்ற வாசலில் கேட்கும் சொற்கள் அந்த வழியில் தமிழுக்குள் வந்தவை. வக்கீல் என்றால் முதலில் வழக்கறிஞர் அல்ல. ஒருவருக்காக இன்னோர் அவையில் போய்ப் பேசுகிறவர், அவ்வளவுதான். முக்தியார் என்றால் தம் விருப்பப்படி செயல்பட உரிமை தரப்பட்டவர். அவருக்குத் தரும் எழுத்து முக்தியார்நாமா. பழைய பத்திரக் கட்டுகளில் அந்தச் சொல் இன்னும் கிடைக்கும். பவர் என்ற ஆங்கிலச் சொல் அதன் இடத்தைப் பிடித்தது பிறகுதான்.

பிறரிடம் அதிகாரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு முகம்மது அலியைச் சுற்றியே நல்ல கதை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அதிகாரிகளைத் தாண்டி லண்டனிலேயே தமக்காகப் பேச ஆள் வேண்டும் என்று அவர் நினைத்தார். 1760களின் கடைசியில் ஜான் மக்பர்சனையும், 1770களில் லாக்லின் மக்ளீனையும் தம் ஆட்களாக அனுப்பினார். இதே மக்ளீன் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்சுக்கும் லண்டனில் முகவர். 1775 மார்ச்சில் ஹேஸ்டிங்ஸ், தேவைப்பட்டால் தம் பதவி விலகலைத் தெரிவிக்கலாம் என்று அவருக்கு எழுதினார். மே மாதமே மனம் மாறி அதைத் திரும்பப் பெற்று இன்னொரு கடிதம் எழுதினார். அப்படியிருந்தும் 1776 அக்டோபரில் மக்ளீன் விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டார். 1777 ஜூனில் செய்தி கல்கத்தாவுக்கு வந்தபோது, மக்ளீனுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று ஹேஸ்டிங்ஸ் மறுத்தார். தளபதி கிளேவரிங் தாமே கவர்னர் ஜெனரல் என்று கோட்டைச் சாவியைக் கேட்டார். கல்கத்தா உச்ச நீதிமன்றம் தலையிட்டு ஹேஸ்டிங்ஸ் பக்கம் சொன்ன பிறகே விவகாரம் அடங்கியது. கொடுத்த அதிகாரம் எதுவரை, எப்போது முடிந்தது, முடிந்த செய்தி யாருக்கு எட்டியது என்ற மூன்று கேள்விகளும் இந்த ஒரே கதையில் இருக்கின்றன. பிற்காலச் சட்டம் பதில் சொல்ல வேண்டியிருந்ததும் இவற்றுக்குத்தான்.

பதில் 1872ல் வந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 10ஆம் அத்தியாயம் முகவர் உறவை வகுத்தது. தம்மிடம் ஒப்படைத்த வேலையை முகவர் தம் இஷ்டத்துக்கு இன்னொருவர் தலையில் கட்டக்கூடாது. அதிகாரத்தைப் பறித்தது, அந்தச் செய்தி முகவருக்கும் வெளியாருக்கும் தெரிந்த பிறகே செல்லும். அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ முகவர் உறவு முடிந்துபோகும் என்கிறது 201ஆம் பிரிவு. 1882ல் அதிகாரப் பத்திரச் சட்டம், 1899ல் முத்திரைச் சட்டம், 1908ல் பதிவுச் சட்டம், 1952ல் நோட்டரிச் சட்டம் என்று பத்திரத்தின் உடம்பும் உடுப்பும் தயாராயின. வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் ஆள் அனுப்பிய வாலாஜா, மேல்விஷாரம், ஆம்பூர்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு விதி மனப்பாடம்: வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.

இந்த ஏற்பாடு முழுவதும் சொத்தை மனத்தில் வைத்துச் செய்தது. 201ஆம் பிரிவை நோயாளியின் கட்டிலருகே வைத்துப் பார்த்தால் அதன் இடைஞ்சல் தெரியும். பக்கவாதம் வந்து பேச்சு நின்றவருக்குத்தான் இன்னொருவர் கையெழுத்து தேவைப்படுகிறது; அந்த நிலையில்தான் அவர் எழுதிக் கொடுத்த பவர் செத்துப்போகிறது. இங்கிலாந்து 1985ல் தனிச் சட்டம் இயற்றி, மனத்திறன் போன பிறகும் நிலைக்கும் அதிகாரப் பத்திரத்துக்கு வழிசெய்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் அதை உடல்நல முடிவுகளுக்கும் விரித்தது. இந்தியச் சட்டத்தில் அந்தப் பொதுவழி இன்றுவரை திறக்கவில்லை.

மருத்துவமனை இந்தப் பகுதிக்கு வந்தபோது, உடல் பற்றிய அதிகாரம் வீட்டு ஆண்களிடம் இருந்தது. 1866ல் சைலஸ் ஸ்கடர் ராணிப்பேட்டையில் மருத்துவமனை தொடங்கினார். அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஐடா ஸ்கடரின் கதை வேலூர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது நடந்தது வேலூரில் அல்ல, திண்டிவனத்தில். ஒரே இரவில் மூன்று கணவர்கள் தனித்தனியாக வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்டார்கள். ஐடாவின் தந்தை மருத்துவர், ஆனால் ஆண். அவர் வரக்கூடாது என்றார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா மருத்துவம் படித்துத் திரும்பி 1900ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியது பிறகு சிஎம்சி மருத்துவமனை ஆனது. இந்தக் கதையைத் தொண்டின் தொடக்கமாகவே சொல்வது வழக்கம். அதில் இன்னொன்றும் உண்டு: மூன்று வீடுகளிலும் சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்று சொன்னவர் நோயாளி அல்ல. அப்படிச் சொன்னவருக்கு யாரும் பவர் எழுதிக் கொடுக்கவுமில்லை.

தொழிலாளியின் உடல்நலம் தாளில் ஏறியது ஈஎஸ்ஐ வழியாக. பி.பி. அடார்கர் 1944ல் கொடுத்த அறிக்கையை அடியாகக் கொண்டு 1948ல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது; தமிழ்நாட்டில் 1955ல் கோவையில் கால்வைத்தது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றோரம் நீளும் தோல் ஆலைகளிலும் பிறகு பெருகிய ஷூ கம்பெனிகளிலும் ‘ஈஎஸ்ஐ பிடிக்கிறாங்களா?’ என்பது வேலைக்குச் சேருமுன் கேட்கும் முதல் கேள்வியானது. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு. 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோர் இதில் அடங்குவர்.

சேரும் நாளில் டைம் ஆபீஸில் ஒரு படிவம் நிரப்பப்படும். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டாரின் பெயரும் வயதும், கடைசியில் நாமினி. பேனா பிடிப்பவர் டைம் ஆபீஸ் எழுத்தர். தொழிலாளி எதிரே நின்று சொல்வார். தாயார் பெயர் முனியம்மாவா முனியம்மாளா, மனைவி பெயரின் முன்னெழுத்து அப்பா வழியா கணவர் வழியா என்பதெல்லாம் அந்த ஓரிரு நிமிடத்தில் எழுத்தரின் காது சொன்னபடி முடிவாகும். முப்பது ஆண்டு கழித்து ஆதாரில் ஒரு பெயரும் ஈஎஸ்ஐ பதிவில் இன்னொரு பெயரும் இருந்து பணம் நிற்கும்போதுதான், அன்று யார் கையில் அதிகாரம் இருந்தது என்பது வீட்டாருக்குப் புரியும்.

இந்தச் சட்டத்தின் மிக நுட்பமான இடம் 60ஆம் பிரிவு. ஈஎஸ்ஐ பணப்பலனைப் பெறும் உரிமையை யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. கடனுக்காக நீதிமன்றம் அதை ஜப்தி செய்யவும் முடியாது. நோய்க்கால உதவித்தொகை என்பது ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு. முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிவைக்கும் வழக்கம் இருந்த தொழிலில், அந்தத் தொகையை மேஸ்திரிக்கோ வட்டிக்காரருக்கோ எழுதி வைக்க அனுமதித்திருந்தால் காய்ச்சலில் கிடப்பவரின் கஞ்சிக்காசு நேரே கடன் கணக்குக்குப் போயிருக்கும். சட்டம் அதிகாரம் கொடுப்பதை மட்டுமல்ல, கொடுக்க முடியாமல் தடுப்பதையும் பாதுகாப்பாகக் கண்ட இடம் இது. தொழிலாளி இறந்தால் அந்த நாள் வரை சேரவேண்டிய தொகை, அவர் எழுத்தில் குறித்த நாமினிக்குப் போகும். நாமினி இல்லாவிட்டால் வாரிசுக்கு. 2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குள் கரைந்தது.

ஈஎஸ்ஐ எட்டாத வீடுகளுக்கு வேறு அட்டைகள். வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்களுக்கு 1976ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டப்படி அடையாள அட்டையும் மருந்தகமும் கிடைத்தன. மாமியார் இலை வெட்ட, மருமகள் தூள் வைத்துச் சுற்ற, பெண் நூல் கட்ட, அட்டை என்னவோ ஒரே ஒருவர் பெயரில் இருக்கும். சிகிச்சை உரிமையும் அந்தப் பெயரைத் தொற்றியே நிற்கும். தோல் பதனிடுவோருக்கும் காலணி செய்வோருக்கும் மாநில அரசின் நல வாரியம் உண்டு. அதன் அட்டையிலும் நாமினிக்கு ஒரு கட்டம் உண்டு.

கையெழுத்துக்குப் பதில் ரேகை வந்த கதையும் அதிகாரத்தின் கதைதான். 1858ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைப் பொருள் ஒப்பந்தத்தில் ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையை மையில் தோய்த்துப் பதியவைத்தார். 1877ல் ஹூக்ளியில் ஓய்வூதியம் வாங்குவோரிடம் விரல் ரேகை கேட்டார். செத்தவர் பெயரில் வேறு ஆள் வந்து பணம் வாங்குவதைத் தடுப்பது நோக்கம். ஆக, ரேகையின் வேலையே ‘கூட வந்தவரை’ வெளியே நிறுத்துவது. தோல் ஆலையில் முடி நீக்கச் சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை ஆண்டுக்கணக்கில் இழுத்துப் போட்டவரின் விரல் நுனி வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும். ரேஷன் கடை ரேகைக் கருவியின் கண்ணாடியில் பெருவிரலை வைப்பார், ஏற்காது. லுங்கியில் துடைத்து மறுபடி வைப்பார்; ஏற்காது. எச்சில் தொட்டு, மற்றக் கையை மாற்றி, பிறகு பத்து விரலும் பார்த்து முடியும்போது வரிசையில் பின்னால் நிற்பவர் முனகத் தொடங்கியிருப்பார். தமக்காகத் தாமே வந்து நின்றும் தாம்தான் என்று மெய்ப்பிக்க முடியாத நிலை இது. ரேஷன் கடையில் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தம் சார்பில் பொருள் வாங்க ஒருவரை எழுதிக் கொடுக்கும் படிவத்தைத் தமிழ்நாடு அரசு பிறகு வைத்தது. காகிதத்தில் எழுதிய நம்பிக்கையிடம் ரேகைக் கருவி தோற்ற இடம் என்று அதைச் சொல்லலாம்.

எழுத்தே இல்லாமல் பிறருக்காகப் பேசிய பெரிய நிகழ்வும் இதே வட்டாரத்தில்தான். தோல் ஆலைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலமும் கிணறும் கெட்டது பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல் உச்ச நீதிமன்றம் போனது. பாதிக்கப்பட்ட யாரும் மன்றத்துக்கு வக்காலத்து கொடுக்கவில்லை. பொதுநல வழக்கில் அது தேவையுமில்லை. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. இழப்பை அளக்க அமைத்த சூழலியல் இழப்பு ஆணையம் 2001ல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. ஆளுக்குச் சராசரி பத்தாயிரத்துக்கும் குறைவு. பணம் பட்டுவாடா என்ற கட்டம் வந்ததும் பொதுநலம் முடிந்து, பட்டா யார் பெயரில், வாரிசுச் சான்று எங்கே என்று பழைய கேள்விகள் திரும்பி வந்தன. 2025 ஜனவரியிலும் இதே விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

மருத்துவக் காப்பீடு ஏழைக் குடும்பங்களுக்குள் பரவலாக நுழைந்தது 2009 ஜூலை 23 அன்று, கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தோடு. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களும் நல வாரிய உறுப்பினர்களும் இதில் சேர்ந்தார்கள். 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதன் இடத்துக்கு வந்தது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. காப்பு ஐந்து லட்ச ரூபாய் ஆனது, வருமான வரம்பு பின்னர் 1,20,000க்கு உயர்ந்தது. ராணிப்பேட்டை தனி மாவட்டமாகும் 2019 வரை, வாலாஜாக்காரர்கள் அட்டைக்காக ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு சத்துவாச்சாரியிலுள்ள வேலூர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பேருந்து ஏறினார்கள்.

இந்த அட்டைகள் தனியாளை அல்ல, குடும்பத்தை அலகாகக் கொண்டவை. வீட்டில் யார் நோயாளியானாலும் அட்டையைத் தேடி எடுக்க வேண்டியவர் ஒருவர். தனித்து வாழும் மகளோ, கணவரைப் பிரிந்து தாய்வீடு வந்தவரோ ரேஷன் கார்டில் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய காப்பீடும் இருக்கும். இதைத் திட்டத்தின் குறை என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. ரேஷன் கார்டைவிட நம்பத்தக்க குடும்பப் பதிவு அரசின் கையில் வேறு இருக்கவில்லை.

காசு கட்டிப் பாலிசி எடுக்கும் தனியார் உலகில் வேறு வகைக் கையெழுத்து பரவியது. பொதுத்துறை நிறுவனங்களின் மெடிக்ளைம் 1986ல் வந்தது. 2001ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், கிளைம் வேலைகளைப் பார்க்கும் மூன்றாம் தரப்பு நிர்வாகிகளுக்கு, அதாவது டிபிஏக்களுக்கு, விதி வகுத்தது. ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான முன் அனுமதிப் படிவத்தின் ஒரு பகுதியில் நோயாளி அல்லது அவர் பிரதிநிதி கையெழுத்திட வேண்டும். மருத்துவ ஆவணங்களை மருத்துவமனை காப்பீட்டு நிறுவனத்துக்கும் டிபிஏவுக்கும் கொடுக்கலாம் என்ற சம்மதம் அதில் அடக்கம். இந்த நாட்டில் அதிகம் பேர் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். நள்ளிரவில் நெஞ்சுவலியோடு ஒருவரை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு, ‘இங்க ஒரு சைன், இங்க ஒண்ணு’ என்று விரல் காட்டும் இடத்தில் மகன் போடுவது. அவர் படித்துப் பார்ப்பதில்லை. படித்துப் பார்க்கிறேன் என்று நின்றால் படுக்கை கிடைக்காது என்ற பயம்.

நாமினி பற்றியும் இங்கே ஒரு குழப்பம் நிலைத்துவிட்டது. காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவில் வரும் நாமினி, பாலிசிதாரர் இறந்த பிறகு பணம் பெறுகிறவர். அவர் உயிரோடு இருக்கும்வரை நாமினிக்குப் பாலிசியில் கைவைக்க உரிமை இல்லை. பெற்றோர், துணைவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே சொந்தம் என்றது 2015ஆம் ஆண்டுத் திருத்தம். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் புகாரைப் பாலிசிதாரரோ, அவர் சார்பில் சட்ட வாரிசோ நாமினியோ பாலிசி மாற்றிப் பெற்றவரோ கொடுக்கலாம். வக்கீலுக்கு அங்கே இடமில்லை. வக்காலத்து என்ற சொல் வளர்ந்த மண்ணில் இப்படி ஒரு கதவு வக்கீலுக்கு மூடியிருப்பது வேடிக்கைதான்.

மருத்துவக் குறிப்புகளைப் பெறும் உரிமை 2002ல் இந்திய மருத்துவக் கவுன்சில் வகுத்த நடத்தை விதிகளில் தெளிவானது: நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்ற துணையாளரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். சம்மதம் பற்றி உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று டெல்லி வழக்கொன்றில் சொன்னது இன்னும் கூர்மையானது. மயக்க மருந்தில் இருந்த 44 வயதுப் பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயிடம் கையெழுத்து வாங்கிப் பெரிய அறுவைச் சிகிச்சை செய்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயநினைவு திரும்பி முடிவு சொல்லக்கூடிய ஒருவருக்காகத் தாயே ஆனாலும் சம்மதிக்க முடியாது என்றது நீதிமன்றம். கணவர், மாமனார், அண்ணன் கையெழுத்தில் ஓடிய மருத்துவமனை வழக்கத்துக்கு இது நேர் மறுப்பு.

தகவல் ரகசியம் இந்த மண்ணில் கூர்மைப்பட்டது எச்ஐவியோடு. 1986 தொடக்கத்தில் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகள், சோதனைக் கருவி இருந்த வேலூர் சிஎம்சிக்கு வந்தன. இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவி கண்டறியப்பட்டது அங்கேதான். அடுத்த ஆண்டுகளில், எச்ஐவி என்ற ஒரு சொல் உறவினர் காதுக்குப் போனாலே வேலையும் வீடும் கல்யாணமும் போகும் என்பதை மக்கள் கண்டார்கள். சென்னை மருத்துவமனை ஒன்றிலிருந்து சோதனை முடிவு வெளியே போய்த் திருமணம் நின்ற வழக்கில், 1998ல் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை பக்கமே நின்றது. 2017ஆம் ஆண்டின் எச்ஐவி சட்டம், எழுத்துச் சம்மதமின்றி வெளியிடுவதைப் பொதுவாகத் தடுத்தது. அச்சட்டத்தில் பலரும் கவனிக்காத ஒரு பிரிவு உண்டு. பெற்றோர் நோயில் விழுந்த வீட்டில், குடும்ப நிர்வாகம் புரிந்த, 12 வயது தாண்டிய அக்காவோ அண்ணனோ தம்பி தங்கையரைப் பள்ளியில் சேர்க்கவும், வங்கிக் கணக்கு நடத்தவும், சிகிச்சை பெற்றுத் தரவும் காப்பாளராகச் செயல்படலாம். நடப்பில் சிறுவர்கள் சுமந்துகொண்டிருந்த பொறுப்பைச் சட்டம் அங்கீகரித்த அரிய இடம் அது.

அதே 2017ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், வயது வந்த எவரும் தமக்கென ஒரு நியமனப் பிரதிநிதியை முன்கூட்டியே குறித்து வைக்கலாம் என்கிறது. தேவைப்படுவது வெள்ளைத்தாள் ஒன்று, அதில் கையெழுத்து அல்லது கைநாட்டு. முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு வேண்டாம். தற்குறிக்குச் சட்டத்தில் மறுபடி மதிப்பு வந்தது என்று சொல்லத் தோன்றும். மனநோய்க்கு வெளியே இவ்வளவு எளிய தாள் இல்லை. உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவது பற்றிய முன்விருப்ப ஆவணத்தை 2018ல் அனுமதித்த உச்ச நீதிமன்றம், நீதித்துறை நடுவர் முன் கையெழுத்திட வேண்டும் என்றது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி நோட்டரி அல்லது கெஜட் அதிகாரி போதும் என்றது.

கோமாவில் விழுந்தவரின் வங்கிக் கணக்குக்கும் சொத்துக்கும் இன்னும் நீதிமன்ற வாசல்தான். 2024ல் சென்னை உயர் நீதிமன்றம், நினைவிழந்த கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சைச் செலவு பார்க்க மனைவியைக் காப்பாளராக நியமித்தது. சிவில் நீதிமன்றத்துக்குப் போ என்று அலைய விடுவது சரியல்ல என்பது அமர்வின் கருத்து. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 201ஆம் பிரிவு விட்ட இடைவெளியை ஒவ்வொரு குடும்பமும் இப்படித் தனித்தனி வழக்காகத்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

கடைசித் துண்டு தகவலுக்கானது. 2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் 14 இலக்க ஆபா எண் கொடுத்தது. எண் ஒருவருடையது, ஆனால் ஓடிபி வரும் கைபேசி பெரும்பாலும் மகளுடையதோ பேரனுடையதோ. ‘நம்பர் சொல்லும்மா’ என்று தாத்தா கேட்டு ஆறு இலக்கத்தை ஒப்பிப்பதோடு அதிகாரம் கைமாறிவிடுகிறது. 2024ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராமில் விற்பனைக்கு வந்து, விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. வேறு ஒருவர் கையில் விவரம் இருப்பதற்கும் யார் கையிலும் விவரம் போவதற்கும் உள்ள தூரம் எவ்வளவு குறைவு என்று அப்போது தெரிந்தது.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்டது. தரவுக்குரியவர் இறந்தாலோ செயல்திறன் இழந்தாலோ அவருடைய தரவு உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமித்து வைக்கலாம் என்கிறது அதன் 14ஆம் பிரிவு. செயல்திறன் இழந்தால் முடிந்துபோகும் என்ற 1872ஆம் ஆண்டு விதிக்கு நேர் எதிராக, செயல்திறன் இழந்தபோதுதான் இந்த நியமனம் தொடங்கும். உயிரோடும் தெளிவோடும் இருப்பவருக்காக ‘ஒப்புதல் மேலாளர்’ என்ற புதிய இடையாளையும் சட்டம் படைத்தது. எந்த நிறுவனத்துக்கு எந்தத் தகவலைத் தரச் சம்மதித்தார் என்பதை ஒரே இடத்தில் பார்க்கவும் திரும்பப் பெறவும் உதவும் நிறுவனம் அது. குறைந்தது இரண்டு கோடி ரூபாய் நிகர மதிப்பு உள்ள இந்திய நிறுவனமாக இருக்க வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல் மேலாளர் பற்றிய பகுதி ஓராண்டு கழித்தும், நாமினி உரிமை உள்ளிட்ட மற்றவை பதினெட்டு மாதம் கழித்தும் நடைமுறைக்கு வரும் என்பது அவற்றில் குறித்த கால அட்டவணை.